கழுத்து வலிக்கு கப்பிங்: பிசியோதெரபியில் யாருக்கு, எங்கே, எவ்வளவு நேரம்

கழுத்து வலி என்று வருகிறவர்கள் இப்போதெல்லாம் "கப்பிங் வைப்பீங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருகிறார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் தோளில் தெரிந்த வட்டத் தடங்கள் இதை உலகம் முழுக்கப் பேச வைத்தன. தோலில் சின்னக் கிண்ணம் போன்ற கப்பை வைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பதுதான் கப்பிங். முறை என்னவோ பழையதுதான். யுனானியில் ஹிஜாமா என்ற பெயரில் நெடுங்காலமாக இருக்கிறது. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளிலும் உறிஞ்சல் என்று ஒன்று உண்டு. பிசியோதெரபிக்குள் வந்தது தோலைக் கீறாமல் வைக்கும் உலர் கப்பிங் மட்டும். தோலைக் கீறி ரத்தம் எடுப்பதற்கு வேறு படிப்பு, வேறு கிருமி நீக்க ஏற்பாடு வேண்டும். பிசியோதெரபிஸ்ட் அதில் கை வைக்கக் கூடாது.

பிசியோதெரபி மாணவர்களையும் புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கப் வைத்துக்கொள்ளப் போகிறவர்களும் படிக்கலாம். எது சரியாக நடக்கிறது, எது தவறு என்று பார்த்துக்கொள்ள உதவும்.

## கப் என்ன செய்கிறது?

மசாஜில் தசையை அழுத்துகிறோம். கப் தோலையும், அதன் அடியில் உள்ள கொழுப்பையும், மேலோட்டமான சவ்வையும் மேலே தூக்குகிறது. அந்த இடத்தில் ரத்த ஓட்டம் கூடுகிறது, தொடு உணர்வு நரம்புகள் தூண்டப்படுகின்றன, வலி சற்று அடங்குகிறது. கழுத்து எலும்பையோ டிஸ்க்கையோ கப் நகர்த்துவதில்லை. "கெட்ட ரத்தம்" என்று எதையும் வெளியே இழுப்பதும் இல்லை. தோலில் தெரியும் சிவப்பும் ஊதாவும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிந்ததால் வந்தவை. தடம் கறுப்பாக இருந்தால் உள்ளே நோய் அதிகம் என்று சொல்கிறவர்கள் உண்டு, நம்ப வேண்டாம். உறிஞ்சல் அதிகமாக இருந்தது அல்லது நேரம் கூடிப்போனது என்பதுதான் அதற்குப் பெரும்பாலும் அர்த்தம்.

ஆய்வுகளைப் பார்த்தால், 2018இல் பிஎம்ஜே ஓபன் என்ற மருத்துவ ஆய்விதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு கழுத்து வலிக்கான 18 சோதனைகளைச் சேர்த்து அலசியது. எதுவும் செய்யாமல் விடப்பட்டவர்களைவிட கப்பிங் எடுத்தவர்களுக்கு வலி குறைந்திருந்தது. ஆனால் அந்தச் சோதனைகளின் தரம் குறைவு என்றும் அதிலேயே எழுதியிருந்தார்கள். கப் வைத்திருப்பது நோயாளிக்குத் தெரியாமல் இருக்காது என்பதால் இங்கே கண்கட்டிச் சோதனை நடத்துவதும் கஷ்டம். 2013இல் ஜெர்மனியில் நடந்த இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. நாள்பட்ட கழுத்து வலி உள்ள 61 பேரில் ஒரு பிரிவுக்கு வீட்டில் இருப்பவரே கப் மசாஜ் செய்தார். மற்றப் பிரிவினர் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி செய்தார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தால் இரு பிரிவிலும் வலி ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்திருந்தது.

இதை வைத்து நான் கப்பிங்குக்குக் கொடுக்கும் இடம் இதுதான்: அது வலியைக் கொஞ்ச நேரம் தணிக்கும் கருவி. சிலருக்குச் சில மணி நேரம், சிலருக்கு ஓரிரு நாள். அந்த நேரத்துக்குள் கழுத்தை அசைக்க வைத்து, தசைக்கு வேலை கொடுத்துவிட வேண்டும். கப்பை எடுத்ததும் ஆளை அனுப்பிவிட்டால் அடுத்த வாரம் அதே வலியோடு திரும்பி வருவார். கீழே வரும் படிகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் இருக்கின்றன.

## படி 1: கப் பெட்டியைத் திறக்கும் முன்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. அவசரத்தில் இருக்கிறவர்கள் தாண்டிப் போகும் இடமும் இதுதான்.

முதலில், இந்தக் கழுத்து வலி பிசியோதெரபிக்கு உரியதுதானா என்று பாருங்கள். விழுந்தோ வண்டியில் அடிபட்டோ வந்தவர், காய்ச்சலும் எடை குறைவும் உள்ளவர், இரவில் படுத்தாலும் விடாத வலி உள்ளவர், முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர் ஆகியோரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். முதுகெலும்புக் காசநோய் நம் ஊரில் இன்னும் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. சட்டை பட்டன் போடக் கை தடுமாறுகிறது, நடை தள்ளாடுகிறது, சிறுநீர் கட்டுப்பாடு மாறியிருக்கிறது என்றால் தண்டுவடம் நசுங்குகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். "இப்படி ஒரு வலி வந்ததே இல்லை" என்று திடீரென வந்த கழுத்து வலியோடு தலைசுற்றல், பார்வை இரட்டையாகத் தெரிவது, பேச்சுக் குழறுவது சேர்ந்தால் கழுத்து ரத்தக் குழாய்ப் பிரச்சினையாக இருக்கலாம், உடனே மருத்துவமனை. இடது தோளும் தாடையும் வலித்து வியர்க்கிறவருக்கு முதலில் இசிஜி எடுக்க வேண்டும்.

வலி கைக்கு இறங்குகிறதா என்பது அடுத்த கேள்வி. நரம்பு நசுங்கலைப் பிடிக்க நான்கு சோதனைகளைச் சேர்த்துப் பார்ப்பது வழக்கம்: தலையை வலிக்கும் பக்கம் சாய்த்து மேலிருந்து அழுத்தும் ஸ்பர்லிங் சோதனையில் கைக்கு வலி பாய்வது, தலையை மெல்ல மேல்நோக்கி இழுத்தால் கை வலி தணிவது, வலிக்கும் பக்கம் கழுத்து 60 டிகிரிகூடத் திரும்பாதது, மேல்கை நரம்பை இழுத்துப் பார்க்கும் சோதனையில் அதே வலி கிளம்புவது. நான்கும் சேர்ந்து வந்தால் நரம்பு வேர்தான் காரணம் என்ற சந்தேகம் மிக வலுவாகிறது. அவருக்குக் கப்பிங்கில் பெரிதாகப் பலன் எதிர்பார்க்காதீர்கள். தொழிலுக்குப் புதியவர் என்றால் அன்றைக்குக் கப்பைத் தொடாமல் இருப்பதே நல்லது.

எக்ஸ்ரேயில் "தேய்மானம்" என்று எழுதிய தாளோடு வருகிறவரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவரைப் பயமுறுத்தவும் வேண்டாம். 2015இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில் கழுத்துத் தொந்தரவே இல்லாத 1211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள், 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகாது.

அப்புறம் கப்பிங்குக்கே உரிய தடைகள். வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல் போன்று ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுக்கிறவர்கள், ரத்தம் உறையாத நோய் உள்ளவர்கள், தட்டணுக்கள் குறைந்தவர்கள் ஆகியோருக்கு வைக்கக் கூடாது. அண்மையில் டெங்கு வந்து போனதா என்று கேளுங்கள். மழைக்காலத்தில் இந்தக் கேள்வி கட்டாயம். சர்க்கரை நோயால் உணர்ச்சி மங்கிய தோல், ஸ்டீராய்டு மாத்திரையாலோ முதுமையாலோ மெலிந்த தோல், புண், படை, கொப்புளம், சொரியாசிஸ் உள்ள இடம், கட்டி உள்ள இடம், தழும்பு தடித்து வளரும் உடல்வாகு: இவற்றில் எது இருந்தாலும் வேண்டாம். கர்ப்பிணிகள் விஷயத்தில் மகப்பேறு மருத்துவரின் சம்மதம் இல்லாமல் தொடங்காதீர்கள். கழுத்து வலிக்கு வேறு வழிகள் நிறைய இருக்கின்றன. கப் வைத்தே தீர வேண்டும் என்று யாருக்கும் இல்லை.

## படி 2: அளந்து எழுதுங்கள்

கப் வைத்த பிறகு "எப்படி இருக்கு?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் "பரவாயில்லை சார்" என்றுதான் சொல்வார்கள். அதை வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. அதனால் வலிக்கும் ஓர் அசைவைத் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக, வண்டி ஓட்டும்போது வலப்பக்கம் திரும்பிப் பார்ப்பது. நலமான கழுத்து ஒரு பக்கம் ஏறக்குறைய 70 முதல் 80 டிகிரி வரை திரும்பும். கோணமானி இல்லையென்றால் தாடைக்கும் தோள்பட்டை நுனிக்கும் உள்ள இடைவெளியை டேப்பால் அளந்தால் போதும். அந்த அசைவில் வலி எத்தனை என்று 0 முதல் 10 வரை எண் கேட்டு எழுதுங்கள்.

கழுத்தின் முன்பக்க ஆழ்தசைகளையும் சோதியுங்கள். மல்லாந்து படுத்து, தாடையை உள்ளே இழுத்தபடி தலையைப் படுக்கையிலிருந்து இரண்டு விரல் உயரம் தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள். வலி இல்லாதவர்களில் ஆண்கள் சராசரியாக 39 விநாடியும் பெண்கள் 29 விநாடியும் தாங்குவதாக ஓர் ஆய்வு சொல்கிறது. வலியோடு வருகிறவர் பலர் பத்துப் பதினைந்து விநாடியில் நடுங்கத் தொடங்குவார்கள். பின்னால் பயிற்சியை எங்கே தொடங்குவது என்று இந்த எண் காட்டிவிடும்.

## படி 3: சம்மதம்

தடம் விழும், அது சில நாளிலிருந்து இரண்டு வாரம் வரை இருக்கலாம், அரிதாகக் கொப்புளமோ கருந்தழும்போ வரலாம் என்று முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். நம் நிறத் தோலில் தடம் மறைந்த பின்னும் கருமை கொஞ்ச நாள் தங்கக்கூடும். பெண்களிடம் வருகிற நாட்களில் கல்யாணம், காதுகுத்து என்று ஏதாவது இருக்கிறதா எனக் கேட்டுவிடுங்கள். ரவிக்கையின் பின்கழுத்துக்கு மேலே மூன்று வட்டம் தெரிந்தால் மண்டபத்தில் ஆளாளுக்கு விசாரிப்பார்கள். திரை மறைவும், தேவைப்பட்டால் பெண் உதவியாளரும் இருக்க வேண்டும்.

## படி 4: பொருட்கள்

நெருப்பு வைத்து ஒட்டும் கண்ணாடிக் கப் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஸ்பிரிட் ஒரு சொட்டு தவறினாலும் தீக்காயம். பிசியோதெரபியில் அதற்குத் தேவையே இல்லை. பம்ப் வைத்த பிளாஸ்டிக் கப் போதும். எவ்வளவு உறிஞ்சுகிறோம் என்பது நம் கையில் இருக்கும், உள்ளே தோலும் தெரியும். நகர்த்திச் செய்ய சிலிகான் கப் வசதி. தோள்மேட்டுக்கு 4 முதல் 5 செ.மீ. அகலமும், தோள்பட்டை எலும்பின் மூலைக்கு அதைவிடச் சிறியதும் பொருந்தும்.

வாசனை இல்லாத எண்ணெய் கொஞ்சம் எடுத்து வையுங்கள். வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். அதைச் சுத்தமாகத் துடைத்த பிறகே கப். இல்லையென்றால் எரிச்சல் தாங்க மாட்டார்கள். பிடரி முடி கப்பின் விளிம்பில் சிக்கினால் காற்று கசியும். அதற்காகச் சவரம் செய்யாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். கப்பை ஒரு விரல் கீழே நகர்த்துங்கள்.

## படி 5: படுக்க வைப்பதும் இடம் பார்ப்பதும்

முதல் தடவை குப்புறப் படுக்க வையுங்கள். உட்கார்ந்த நிலையில் சிலருக்கு மயக்கம் வரும், அதுவும் வெறும் வயிற்றில் வந்தவர்களுக்கு. முகத்துக்குத் துளை உள்ள படுக்கை இருந்தால் நல்லது. இல்லையென்றால் நெற்றிக்கு மடித்த துண்டு.

ஏழாவது கழுத்து எலும்பைக் கண்டுபிடியுங்கள். குனியும்போது பிடரியின் அடியில் துருத்திக்கொண்டு நிற்பது பெரும்பாலும் அதுதான். சந்தேகம் இருந்தால் விரலை வைத்தபடி தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள்: ஆறாவது எலும்பு விரலுக்கடியில் முன்னால் நழுவிப் போகும், ஏழாவது அப்படியே நிற்கும். அங்கிருந்து தோள்பட்டை நுனி வரை ஒரு கோடு. அதன் நடுவில், மேல் ட்ரபீசியஸ் தசையின் சதைப்பற்றான மேட்டில் முதல் கப். தோளில் கல்லைத் தூக்கி வைத்தது போல இருக்கிறது என்று சொல்கிறவர்கள் காட்டும் இடமும் பெரும்பாலும் இதுவே.

இரண்டாவது இடம் தோள்பட்டை எலும்பின் மேல் உள்மூலை. லெவேட்டர் ஸ்காபுலே தசை மேல் நான்கு கழுத்து எலும்புகளிலிருந்து கிளம்பி இங்கே வந்து ஒட்டுகிறது. தலையைக் குனிந்தபடியே நாளெல்லாம் தையல் மிஷினிலோ லேப்டாப்பிலோ வேலை பார்க்கிறவர்களுக்கு இங்கே அழுத்தினால் "அங்கதான், அங்கதான்" என்பார்கள். மூன்றாவது, தோள்பட்டை எலும்புக்கும் முதுகுத்தண்டுக்கும் இடைப்பட்ட சதை. முதல் நாள் இரண்டு முதல் நான்கு கப் போதும். முதுகு முழுக்க இருபது கப் அடுக்கும் வீடியோக்கள் நிறைய வருகின்றன. கழுத்து வலிக்கு அதில் ஒரு லாபமும் இல்லை.

வைக்கவே கூடாத இடங்கள்: தொண்டைப் பக்கம், கழுத்தின் இரு பக்கவாட்டு, காறை எலும்புக்கு மேலுள்ள குழி. கழுத்து ரத்தக் குழாய்களும் கைக்குப் போகும் நரம்புக் கற்றையும் அங்கே ஓடுகின்றன. எலும்பு முனைகளுக்கு மேலேயும், மச்சம், மரு மீதும் வேண்டாம். தலையோட்டுக்கு அடியில் உள்ள சின்னத் தசைகளைக் கையால் தளர்த்துவது எளிது. அங்கே முடிக்குள் கப்போடு மல்லுக்கட்டுவது வீண்.

## படி 6: உறிஞ்சலும் நேரமும்

கப்பின் விளிம்பில் மட்டும் லேசாக எண்ணெய் தடவி, இடத்தில் வைத்து, பம்ப்பை ஒன்று அல்லது இரண்டு தடவை மட்டும் இழுங்கள். தோல் ஒரு செ.மீ. உயரத்துக்குக் கீழே எழும்பினால் முதல் நாளுக்கு அது ஏராளம். "இழுக்கிற மாதிரி இருக்கா, எரியுதா, மரத்துப் போகுதா?" என்று கேளுங்கள். இழுப்பு சரி. எரிச்சல், குத்தல், கைக்கு ஓடும் கூச்சம் என்றால் உடனே வால்வைத் தூக்கிவிடுங்கள்.

முதல் நாள் 3 நிமிடம். ஒத்துக்கொண்டால் அடுத்தடுத்த முறைகளில் 5, பிறகு 8. பத்து நிமிடத்தைத் தாண்டுவதில் கூடுதல் பயன் எதையும் நான் பார்க்கவில்லை, கொப்புளம்தான் வரும். பாடப் படங்களில் காட்டும் தோலெல்லாம் பெரும்பாலும் வெள்ளை. கரிய தோலில் சிவப்பு அப்படி எடுப்பாகத் தெரியாது. நிறம் மாறட்டும் என்று காத்திருந்தால் நேரம் ஓடிவிடும். அதனால் கடிகாரத்தைப் பாருங்கள், நிமிடத்துக்கு ஒரு முறை தோலின் பளபளப்பையும் சின்னச் சின்ன நீர்ப்புள்ளிகளையும் கவனியுங்கள், கூடவே பேச்சுக் கொடுங்கள். கப் வைத்துவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போவது ஆபத்து. கடிகாரம் சொல்கிறபடி எடுத்தால், தடம் விழவில்லை என்பதற்காகச் சிகிச்சை பலிக்கவில்லை என்று யாரும் கவலைப்பட வேண்டாம்.

## படி 7: அசைவோடு கப்

எனக்கு மிகவும் பயன்படுவது இந்தப் பகுதி. இரண்டாவது, மூன்றாவது முறையில், மயக்கம் வராத ஆள் என்று தெரிந்த பிறகு, உட்கார்ந்த நிலையில் தோள்மேட்டில் குறைந்த உறிஞ்சலில் ஒரு கப் வையுங்கள். வலிக்கும் அசைவை மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள்: வலப்பக்கம் திரும்பு, நடுவுக்கு வா, எட்டு பத்து தடவை. பிறகு எதிர்ப்பக்கம் காது தோளை நோக்கிப் போகட்டும். தோல் கப்புக்குள் பிடிபட்டிருக்க, அடியில் தசை நகர்கிறது. பயந்து பயந்து கழுத்தைத் திருப்பியவர்கள் இதில் தாங்களே துணிந்து திருப்புவதைப் பார்க்கலாம்.

நகர்த்தும் முறைக்கு எண்ணெய் தாராளமாகத் தேய்த்து, சிலிகான் கப்பை மிக லேசாக ஒட்டி, பிடரியிலிருந்து தோள் நுனியை நோக்கி இழுங்கள். எலும்பு தட்டுப்படும் முன் நிறுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடம் போதும். கப் நகர மறுத்தால் உறிஞ்சல் அதிகம் என்று அர்த்தம், பலத்தைக் கூட்டாதீர்கள்.

## படி 8: எடுத்தல், மறுபடி அளத்தல், பயிற்சி

வால்வைத் தூக்கிக் காற்றை உள்ளே விடுங்கள். சிலிகான் என்றால் விளிம்பருகே தோலை விரலால் அழுத்துங்கள். பிடுங்கக் கூடாது. ஒரு நிமிடம் கழித்து எழுந்து உட்காரச் சொல்லி, படி 2இல் எழுதிய அதே அசைவை அளக்கவும். எண் மாறியிருந்தால் நல்லது. மாறாவிட்டாலும் பரவாயில்லை, எழுதி வையுங்கள்.

உடனே பயிற்சி. மல்லாந்து படுத்து, பிடரிக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்து, "ஆமாம்" என்று தலையாட்டுவது போலத் தாடையைச் சின்னதாக உள்ளே இழுத்து 10 விநாடி நிறுத்துவது, பத்து தடவை. முன்கழுத்தின் பெரிய தசைகள் புடைத்தால் பலம் அதிகம் கொடுக்கிறார் என்று பொருள்; குறைக்கச் சொல்லுங்கள். அடுத்து ரப்பர் பேண்டைக் கதவுக் கைப்பிடியில் மாட்டி, முழங்கையைப் பின்னால் இழுத்துத் தோள்பட்டைகளைச் சேர்ப்பது, பன்னிரண்டு தடவை வீதம் இரண்டு சுற்று. நாற்காலியின் முதுகில் சாய்ந்து நடுமுதுகை வளைப்பது. வீட்டுக்கு இதில் இரண்டு மட்டும் கொடுங்கள். ஐந்து கொடுத்தால் ஒன்றும் செய்ய மாட்டார்கள்.

## படி 9: வீட்டுக்கு அனுப்பும்போது

அன்றைக்கு அந்த இடத்தில் கொதிக்கும் சுடுநீர், ஒத்தடம், கடும் வெயில் வேண்டாம். தண்ணீர் குடிக்கலாம், சாப்பிடலாம், பத்தியம் எதுவும் இல்லை. லேசான அரிப்பு இயல்பு, சொறியக் கூடாது. கொப்புளம் வந்தால் உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி வந்து காட்டச் சொல்லுங்கள். சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் என்றால் மருத்துவர்.

அடுத்த முறை எப்போது? வாரத்துக்கு ஒன்று எனக்குச் சரியாகப் படுகிறது. தடம் மறையாத இடத்தில் மறுபடி வைக்க வேண்டாம். மூன்று முறைக்குப் பிறகும் அளவுகளில் மாற்றம் இல்லையென்றால் கப்பிங்கை நிறுத்திவிட்டு நோயறிதலைத் திரும்பப் பாருங்கள். மாற்றம் இருந்தால் நான்கிலிருந்து ஆறு முறை. அதற்குள் பயிற்சி பொறுப்பை எடுத்துக்கொண்டிருக்கும். பத்து, பதினைந்து சிட்டிங் "பேக்கேஜ்" என்று முதல் நாளே முன்பணம் கேட்டால், நோயாளியாக நான் எழுந்து வந்துவிடுவேன்.

வீட்டில் செய்துகொள்ள விரும்புகிறவர்களுக்குச் சிலிகான் கப்பை மட்டும், தோள்மேட்டிலும் மேல்முதுகிலும் மட்டும், இன்னொருவர் கையால், நகர்த்தும் முறையில் செய்யச் சொல்லிக் காட்டிக் கொடுக்கலாம். கழுத்தில் வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் படி 1இல் சொன்ன மற்றவர்களுக்கும் வீட்டிலும் வேண்டாம்.

## கப்பைக் கழுவுவது

ஒவ்வொருவருக்குப் பிறகும் சோப்பு நீரில் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கு போன பிறகு கிருமிநாசினி. பிசுக்கின் மேலேயே ஸ்பிரிட் துடைத்தால் பயனில்லை. வால்வுக்குள் எண்ணெய் தங்கும், அதைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். ரத்தமோ கொப்புள நீரோ பட்ட பிளாஸ்டிக் கப்பை மருத்துவக் கழிவில் போட்டுவிடுங்கள். தொடர்ந்து வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு கப் ஒதுக்கிப் பெயர் எழுதி வைத்தால் இன்னும் நல்லது. அன்றைய கேஸ் ஷீட்டில் கப் எண்ணிக்கை, வைத்த இடம், பம்ப் இழுப்பு, நிமிடம், முன்னும் பின்னும் எடுத்த அளவு, தோலின் நிலை ஆறையும் எழுதிவிடுங்கள். அடுத்த வாரம் வேறொரு பிசியோதெரபிஸ்ட் பார்க்க நேர்ந்தாலும் எங்கிருந்து தொடர்வது என்று அவருக்குத் தெரியும்.